தோபித்து நூல் காட்டும் இல்லறம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விவிலிய ஒளியில் கிறிஸ்தவக் குடும்பம் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக நாசரேத்தூர்த் திருக்குடும்பத்தைத்தான் முன்னே நிறுத்துவார்கள். அது முறையானதே. வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்துக்கே புனித சூசையப்பரைத்தான் பாட்டுடைத் தலைவராகக் கொண்டார். ஆனால் திருமணத் தயாரிப்பு வகுப்பு ஒன்றில் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்வி என் நினைவில் நிற்கிறது. "அந்த வீட்டில் பிள்ளை கடவுள், தாய் மாசில்லாதவள், தகப்பன் நீதிமான். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லையே, ஐயா!" என்றார் அவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே இன்று வேறொரு வீட்டுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். வேலை போகிறது, கண் போகிறது, பணம் போகிறது. மகன் தொலைதூரம் போகிறான். மருமகள் வருகிறாள். வீட்டு நாய்கூட அந்தக் கதையில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் தோபித்து நூல் என்று நாம் வாசிக்கும் 14 அதிகாரச் சிறு நூலே அது.

நூலைப்பற்றி இரண்டொரு வார்த்தை. பிற சபைச் சகோதரர்கள் கையில் வைத்திருக்கும் பைபிளில் பெரும்பாலும் இது இராது. நம் திருச்சபையோ 1546-ஆம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கத்தில் இதை இறைவாக்காகவே உறுதி செய்தது. புனித எரோணிமுஸ் இதனை இலத்தீனில் பெயர்த்தபோது ஒரே நாள் உழைப்பில் முடித்ததாகத் தம் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். 1952-ஆம் ஆண்டில் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த சுவடித் துண்டுகளில் இந்நூலின் பகுதிகள் அரமேய மொழியிலும் எபிரேய மொழியிலும் இருந்தன. இது போதும். அந்த வீட்டின் வாசலுக்குப் போவோம்.

தோபித்து நினிவே நகரில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த யூதர். ஒரு காலத்தில் அரண்மனைக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். அப்போதே மேதியா நாட்டில் இருந்த கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியைக் கொடுத்து வைத்தார். ஒரு தாலந்து என்றால் ஏறத்தாழ 30 கிலோ, சிறு தொகையல்ல. பின்னால் ஆட்சி மாறியது. கொல்லப்பட்டு வீதியில் எறியப்பட்ட தம் இனத்தாரை இரகசியமாக அடக்கம் செய்தார் என்ற குற்றத்துக்காக அவர் சொத்து முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டது. மனைவி அன்னாவையும் மகன் தோபியாவையும் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்று அவரே சொல்கிறார். பிறகு ஒரு நாள் இரவு, பிணம் ஒன்றை அடக்கம் செய்துவிட்டு வந்து முற்றத்துச் சுவர் ஓரமாகப் படுத்தவர் கண்ணில் குருவி எச்சம் விழுந்தது. மருத்துவர்கள் மருந்து போடப் போட வெண்படலம் அதிகமாயிற்று. முற்றிலும் பார்வை போயிற்று. நாலு ஆண்டுகள் இருட்டு. உறவினர் ஒருவர் இரண்டு ஆண்டு ஆதரித்தார். அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அன்னா கூலிக்கு நெசவு வேலைக்குச் சேர்ந்தார். நெய்த துணியை உரியவர்களிடம் அனுப்பினால் கூலி வரும். ஒரு முறை முழுக் கூலியையும் கொடுத்து, மேற்கொண்டு ஒரு வெள்ளாட்டுக் குட்டியையும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அன்னா எவ்வளவு மகிழ்ச்சியோடு அதைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்! வீட்டுக்குள் குட்டி கத்தியது. கண் தெரியாத கணவர் கேட்டது என்ன? "இது எங்கிருந்து வந்தது? திருடியதாக இருக்கும், கொண்டுபோய் உடையவர்களிடம் கொடுத்துவிடு" என்றார். அன்பளிப்பு என்று அன்னா சொன்னார், அவர் நம்பவில்லை. அன்னா விடவில்லை. "உம்முடைய தானதருமம் எல்லாம் எங்கே போயிற்று? உம்முடைய புண்ணியம் எதில் வந்து முடிந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?" என்ற பொருளில் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தார்.

அன்பர்களே, இந்தச் சண்டையை நாம் யாரும் புதிதாகக் கேட்கவில்லை. ஆடு மட்டும்தான் மாறியிருக்கிறது. மில் மூடியபிறகு வீட்டில் இருக்கும் கணவன். தையல் வேலைக்கோ, பீடி சுற்றவோ, ஆஸ்பத்திரியில் ஆயாவாகவோ போகும் மனைவி. அவள் புதுச் சேலை கட்டினால் "யார் வாங்கிக் கொடுத்தது?" என்ற கேள்வி. அவள் அரை மணி பிந்தினால் வாசலில் நின்றுகொண்டு விசாரணை. நன்றாகக் கவனியுங்கள்: தோபித்து கெட்டவர் அல்ல. பசித்தவருக்குச் சோறும் ஆடையற்றவருக்கு ஆடையும் கொடுத்தவர். உயிரைப் பணயம் வைத்துப் பிணம் அடக்கியவர். ஊருக்கெல்லாம் இரங்கிய அந்த மனிதருக்கு, தம்மைச் சோறு போட்டுக் காப்பாற்றிய மனைவியின் ஒரு வார்த்தையை நம்ப முடியவில்லை. சம்பாதிக்க முடியாமற்போன ஆண்பிள்ளையின் மனம் எங்கே போய் இடிக்கும் என்பதை விவிலியம் இப்படிப் பச்சையாக எழுதி வைத்திருக்கிறது. ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்களுக்கே இந்தச் சோதனை அதிகம் என்பது என் எண்ணம். பங்கில் எல்லாருக்கும் முன்நின்று உழைக்கிறவர் வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேசுவதில்லை என்று எத்தனை மனைவியர் சொல்லக் கேட்கிறோம்!

அன்னா சொன்னதும் குறைவானதல்ல. வேலை இல்லாதவனை அவனுடைய பக்தியின்மீதே குத்தினார். கணவனுக்கு எங்கே வலிக்கும் என்று மனைவிக்குத் தெரியும். மனைவிக்கு எங்கே வலிக்கும் என்று கணவனுக்குத் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்திருப்பதால் வரும் ஆபத்து இது. இதற்குப்பின் தோபித்து அழுதுகொண்டே செபித்து, சாவு வேண்டும் என்று இறைவனைக் கேட்கிறார். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள் என்று நூல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தில் அவர் மகனை அழைத்துக் கூறும் அறிவுரையின் முதற் பகுதி எது தெரியுமா? "உன் தாயை மதித்து நட, அவள் மனம் நோக எதையும் செய்யாதே, உன்னை வயிற்றில் சுமந்தபோது அவள் பட்ட ஆபத்துகளை நினைத்துக்கொள், அவள் இறந்தால் என் பக்கத்திலே ஒரே கல்லறையில் அடக்கம் செய்" என்பதே அதன் கருத்து. நேரே சொல்ல வாய் வராததை மகனிடம் சொல்லித் தீர்த்திருக்கிறார் மனிதர்! நம் ஊர்ப் பெரியவர்களும் இந்த வகைதான். இருப்பினும் நேரே சொல்வது நல்லது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டில் குடும்ப அன்பைக் குறித்து எழுதிய திருமடலில், வீட்டுக்குள் மூன்று சொற்கள் வழங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். மூன்றும் நாம் கடைக்காரனிடமும் பஸ் கண்டக்டரிடமும் தாராளமாகச் சொல்லுகிற சொற்கள்தாம்.

தோபித்து சாவை வேண்டிய அதே நாளில், தொலைவில் எக்பத்தானா நகரில் ஓர் இளம் பெண்ணும் சாவை வேண்டினாள். இன்று ஈரான் நாட்டில் ஹமதான் என்று வழங்கும் ஊர் அது. பெண்ணின் பெயர் சாரா. இரகுவேலின் ஒரே மகள். ஏழு பேருக்கு அடுத்தடுத்து மணமுடித்துக் கொடுத்தார்கள். ஏழு பேரும் முதலிரவிலேயே இறந்துபோனார்கள். அசுமதேயு என்னும் பொல்லாத பேய் அவர்களைக் கொன்றது என்கிறது நூல். வீட்டு வேலைக்காரி ஒருத்தி, "உன் கணவர்களைக் கொல்கிறவள் நீதான்" என்று முகத்துக்கு நேரே பழித்தாள். சாரா மாடிக்குப் போனாள். தூக்குப்போட்டுக்கொள்ள நினைத்தாள். முதிர்ந்த வயதில் தன் தகப்பனுக்கு வரப்போகும் பழியையும் துயரத்தையும் எண்ணினாள். பலகணிப் பக்கமாகக் கைகளை விரித்து நின்று, கயிற்றுக்குப் பதிலாகச் செபத்தைப் பிடித்தாள்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுதான் போவேன். நம்மிடையே ஞானஸ்நானம் பெற்றவர்கள் வீட்டிலும் "ராசி இல்லாதவள்", "வந்த காலின் பலன்", "புருஷனை விழுங்கியவள்" என்ற சொற்கள் வழங்குகின்றன. லாரி மோதி ஒருவன் இறந்தாலும், குடித்து ஈரல் கெட்டு இறந்தாலும், பிணத்தருகே நிற்கும் பெண்மீதுதான் கண்கள் திரும்புகின்றன. பிள்ளையின் திருமணத்தில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கும் வேளையில் பெற்ற தாயே விதவை என்பதற்காகத் தூண் மறைவில் நிற்பதைக் கோயிலுக்குள்ளேயே பார்க்கிறோம். விவிலியம் சாராவைப்பற்றி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குற்றம் பேயினுடையது என்கிறது. இரபேல் வானதூதரோ, அவளை அறிவும் துணிவும் அழகும் உள்ளவள் என்று தோபியாவிடம் அறிமுகப்படுத்துகிறார். பழித்தது வேலைக்காரி, புகழ்ந்தது வானதூதர். நாம் யார் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிகிறோம் என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். தோபித்தின் செபமும் சாராவின் செபமும் ஒரே வேளையில் இறைவன் திருமுன் கேட்கப்பட்டன. இருவருக்கும் சேர்த்து ஒரே மருந்தாக இரபேல் அனுப்பப்பட்டார்.

இனிக் கலியாணப் பேச்சுக்கு வருவோம். தந்தை கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வரப் புறப்பட்ட தோபியா, மனித வடிவில் வழித்துணையாக வந்த இரபேலோடு இரகுவேல் வீட்டுக்கு வருகிறான். ஆடு அடித்து விருந்து தயாராகிறது. பெண்ணைப்பற்றிப் பேசி முடிக்காமல் சாப்பிட மாட்டேன் என்கிறான் பையன். அப்போது இரகுவேல் என்ன செய்தார்? மறைத்தாரா? "தம்பி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பேருக்குக் கொடுத்தேன், ஏழு பேரும் அன்றிரவே இறந்தார்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரே மகளுக்கு எட்டாவதாக ஒரு நல்ல வரன் வாசலில் வந்து நிற்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்துவிடும். இருந்தும் பேசினார்.

நம்மிடையே என்ன நடக்கிறது? பையனுக்கு வலிப்பு நோய் இருப்பதை மறைக்கிறோம். குடிப்பழக்கத்தைக் "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மறைக்கிறோம். கடனை மறைக்கிறோம்; படிப்பைக் கூட்டிச் சொல்கிறோம்; துபாயில் இருக்கும் வேலைக்குப் புதுப் பெயர் சூட்டுகிறோம். பெண்ணுக்கு விருப்பமில்லை என்பதையும் மறைக்கிறோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சம்மதத்தைப் பெறுவதற்காகவே, மணவாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒன்றை வஞ்சகமாக மறைத்து முடித்த திருமணம் செல்லாது. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வெறும் சடங்கன்று. தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரையே கேட்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டிய முதல் ஆள் பக்கத்து வீட்டுக்காரன் அல்லன், பெற்றவர்தான்.

இரகுவேல் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தார், மனைவி எதினாவை அழைத்து, ஏடு கொண்டுவரச் செய்து, திருமண ஒப்பந்தம் எழுதி முத்திரையிட்டார், அதன்பின் சாப்பிட்டார்கள். இந்தப் பேச்சில் நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, வண்டி எது என்ற வாசகம் எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வராது. உடனே ஒரு கெட்டிக்காரர் எழுந்து, "பின்னால் இரகுவேல் சொத்தில் பாதியைக் கொடுத்தாரே!" என்பார். கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதி, மணம் முடிந்து, மருமகன் உயிரோடு இருக்கிறான் என்று கண்டு மகிழ்ந்த பின்பே, கேட்காமலே கொடுத்தார். அதுவும் ஒரே மகளுக்கு எப்படியும் சேர வேண்டிய உரிமையையே முன்கூட்டிப் பகிர்ந்து தந்தார். மகளின் உரிமை வேறு, மாப்பிள்ளையின் விலை வேறு.

நாம் இந்த இரண்டையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். "சீதனம் கொடுத்தாயிற்று, இனி உனக்குப் பங்கு இல்லை" என்று மகளிடம் கையெழுத்து வாங்குகிறோம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியின் கிறிஸ்தவப் பெண்களுக்கும் அச்சட்டமே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இவ்வளவும் இருக்க, பெண்ணைப் பெற்றவர்கள் வட்டிக்கடைக்கு நடந்து தேய்வது நிற்கவில்லை. திருமணத் திருப்பலியில் தோபித்து நூலை வாசகமாகத் தேர்ந்துகொள்ளலாம் என்று திருவழிபாட்டு ஒழுங்கு இடம் தருகிறது. கைநீட்டி வாங்கிவிட்டு, அன்று காலையில் அந்த வாசகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பது எப்படி?

முதலிரவைப்பற்றி நூல் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; சிறுபிள்ளைகளும் இருக்கிறார்கள். கதவு அடைத்ததும் தோபியா எழுந்து, "எழுந்திரு, நாம் செபிப்போம்" என்று சாராவை அழைத்தான். ஆதாமுக்கு ஏவாளைத் துணையாகத் தந்த இறைவனை இருவரும் சேர்ந்து போற்றினார்கள். இருவரும் ஒன்றாக முதுமை அடையும் வரம் கேட்டார்கள். அவன் தொடங்கினான், அவளும் சேர்ந்து "ஆமென்" என்றாள். கணவனுக்காக மனைவி கோயிலில் அழுது செபிப்பதை நிறையப் பார்க்கிறோம். கணவன் முதலில் எழுந்து "வா, செபிப்போம்" என்று அழைக்கும் வீடுகள் எத்தனை? செபமாலையை அம்மாவின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, ஆண்கள் திண்ணையில் அரசியல் பேசுவதுதானே நம் வழக்கம்.

அந்தச் செபத்தில் தோபியா மனைவியைச் சகோதரி என்று அழைக்கிறான். தோபித்தும் அன்னாவை அப்படித்தான் அழைக்கிறார். இரகுவேலும் எதினாவை அவ்வாறே. தமிழ்க் காதுக்கு இது நெருடும்; வாசிக்கும்போது இளைஞர்கள் சிரிப்பார்கள். அக்காலத்து வழக்கில் அது அன்பின் சொல். சமமான உறவின் சொல். உடன்பிறந்தவளிடம் காட்டும் மரியாதையும் பாதுகாப்பும் மனைவிக்கு உண்டு என்று பொருள் கொள்ளலாம். புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய மடலில் மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்ற பகுதியைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்கு முந்தின வசனத்தில், ஐந்தாம் அதிகாரம் 21-ல், கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணியுங்கள் என்று இருவருக்கும் சேர்த்தே சொல்லியிருப்பதை எவரும் மனப்பாடம் செய்வதில்லை.

அன்றிரவு வெளியே நடந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்த காட்சி. மாமனார் இரகுவேல் வேலைக்காரர்களை எழுப்பி, மருமகனுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்! இவனும் இறந்துவிட்டால் ஊர் சிரிக்குமுன் விடிவதற்குள் புதைத்துவிடலாம் என்று எண்ணினார். விளக்கோடு ஒரு பணிப்பெண்ணை அனுப்பிப் பார்த்தால், இருவரும் நிம்மதியாக உறங்குகிறார்கள். உடனே இறைவனைப் போற்றி, விடியுமுன் குழியை மூடச் சொன்னார். ஏழு நாள் விருந்துக்குப் பதிலாகப் பதினான்கு நாள் விருந்து வைத்தார். பிள்ளைகள் உள்ளே செபித்துக்கொண்டிருக்கையில் பெரியவர்கள் வெளியே குழி தோண்டுவது இன்றும் நடக்கிறது. "இது எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்" என்று புதுத் தம்பதியைப்பற்றிப் பேசுகிற ஒவ்வொரு வாயும் ஒரு மண்வெட்டிதான்.

தோபித்து மகனுக்குச் சொன்ன அறிவுரைகள் நான்காம் அதிகாரத்தில் வரிசையாக இருக்கின்றன, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள். கூலிக்காரனுக்கு அன்றைய கூலியை அன்றே கொடு என்கிறார். வெறிக்கக் குடிக்காதே, குடிவெறி உன் வழித்துணையாக வரவேண்டாம் என்கிறார். சம்பள நாளன்று மதுக்கடை வாசலில் வழித்துணை தேடும் நம் ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. இன்னொன்று: தோபித்து தகப்பன் இல்லாத பிள்ளையாக வளர்ந்தவர். அவருக்கு மோசேயின் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் பாட்டி தெபோரா. நம்மில் எத்தனை பேருக்குப் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் பாட்டியின் மடியில் வந்தவை! அந்தப் பாட்டியை இன்று ஊரில் தனியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கைபேசியின் கையில் ஒப்படைத்திருக்கிறோம்.

மகன் பிரயாணம் போனபோது அன்னா பட்ட பாட்டை, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். புறப்படும்போதே அவர் அழுது, "பணம் இல்லாவிட்டால் என்ன? நம் பிள்ளையைப் பணத்துக்கு ஈடாக வைக்கலாமா? இருப்பது போதாதா?" என்று கேட்டார். இரகுவேல் வீட்டு விருந்தால் மகன் திரும்பப் பிந்தினான். தோபித்து நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். அன்னா தினமும் வெளியே ஓடிப்போய், மகன் போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் வந்து இரவெல்லாம் அழுதார். தோபித்து, "சும்மா இரு, அவன் நலமாய் இருக்கிறான்" என்பார். "நீர் சும்மா இரும், என்னை ஏமாற்ற வேண்டாம்" என்பார் அன்னா. மறுபடியும் சண்டைதான்! ஆனால் இது ஆட்டுக்குட்டிச் சண்டை அல்ல. ஒரே துயரத்தை இருவர் இருவிதமாகச் சுமக்கிறார்கள். அவர் எண்ணிப் பார்க்கிறார். இவர் ஓடிப் பார்க்கிறார். பேசாமல் இருக்கும் கணவனுக்கு வருத்தமே இல்லை என்று மனைவியும், அழுகிற மனைவிக்கு விசுவாசம் இல்லை என்று கணவனும் முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே தோபியாவோ, தகப்பன் நாள் எண்ணிக்கொண்டிருப்பார், ஒரு நாள் பிந்தினாலும் வருந்துவார் என்று இரபேலிடம் சொல்கிறான். வெளிநாட்டில் இருக்கும் மகன்களே, அங்கே யாரோ நாளை எண்ணுகிறார் என்பதை மறக்காதிருந்தானே, அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கிறது.

விடைபெறும்போது சாராவிடம் இரகுவேல், இனி உன் மாமனாரும் மாமியாரும் உன்னைப் பெற்றவர்களைப் போன்றவர்கள், அவர்களை மதித்து நட என்றார். இந்தப் பாதியை நாம் எல்லாப் பெண்களுக்கும் சொல்லி அனுப்புகிறோம். மறுபாதியை எதினா மருமகனிடம் சொன்னார்: ஆண்டவர் முன்னிலையில் என் மகளை உன்னிடம் ஒப்படைக்கிறேன், உன் வாழ்நாளெல்லாம் அவளை வருத்தாதே. மருமகன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் துணிவு பெண்ணைப் பெற்ற எத்தனை தாய்மார்களுக்கு இருக்கிறது? நாமோ அவன் கையில் மோதிரத்தைப் போட்டுவிட்டுப் பயந்துகொண்டே நிற்கிறோம்.

நினிவேயில் அன்னாதான் முதலில் மகனைக் கண்டார். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் நாயும் வந்தது. மீனின் பித்தத்தைத் தடவியதும் தோபித்தின் கண் திறந்தது. பார்வை வந்ததும் அவர் எங்கே போனார் தெரியுமா? மகிழ்ச்சியோடு இறைவனைப் போற்றிக்கொண்டே, மருமகளை எதிர்கொள்ள நகர வாயிலுக்கு நடந்து போனார். கைப்பிடித்து நடத்துபவர் இல்லாமல் அவர் நடப்பதைக் கண்டு ஊரார் வியந்தனர். "மகளே, வா, உன் வீட்டுக்கு வா" என்ற பொருள்பட வாழ்த்தி வரவேற்றார். ஏழு கணவரை இழந்தவள் என்ற பேச்சு அந்த வாயிலில் எழவே இல்லை. கொண்டுவந்த ஒட்டகங்களை எண்ணவும் இல்லை.

நம் மண்ணிலேயே இல்லறத்தில் புனிதரான ஒருவர் இருக்கிறார் அல்லவா? நட்டாலத்தில் பிறந்து, 1745-ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியானவர். 2022-ஆம் ஆண்டு மே 15-ல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம். அவருக்குத் துன்பத்தின் பொருளை டிலனாய் விளக்கியது யோபு நூலைக்கொண்டு. அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே விசுவாசத்துக்கு வந்தார். கணவர் பெயர் பீடமேறிவிட்டது. ஞானப்பூ அம்மாள் தனித்திருந்து பட்ட பாட்டைப்பற்றி நாம் இன்னும் அதிகமாகப் பேசவேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

தோபித்து நூலின் கடைசி அதிகாரத்துக்கு வருகிறேன். பெரும்பாலோர் வாசியாமல் விடும் பகுதி அது. தோபித்து இறந்தார், மகன் அடக்கம் செய்தான். அன்னா இறந்தார், சொல்லியிருந்தபடியே கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தான். ஆட்டுக்குட்டிக்காகச் சண்டையிட்ட இருவரும் ஒரே இடத்தில் உறங்குகிறார்கள். அதன்பின் தோபியா என்ன செய்தான்? மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எக்பத்தானாவுக்குப் போய், மாமனார் இரகுவேலோடு குடியிருந்தான். முதுமையில் அவரையும் எதினாவையும் மரியாதையோடு பேணினான். இருவரையும் அவனே அடக்கம் செய்தான். எந்தக் கிழவர் அவனுக்காக ஒரு நாள் இரவில் குழி தோண்டினாரோ, அவரை அவனே கல்லறையில் வைத்தான். பெண்பிள்ளை மட்டும் உள்ள பெற்றோர் இந்தப் பங்கிலும் பலர் இருக்கிறார்கள். "மகள் வீட்டில் தங்கிச் சோறு தின்பதா?" என்று தனி வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் அவர்களை அவர்கள் மருமகன்மார் இந்த விழா ஆண்டிலேயே போய் அழைத்து வரலாம்.

பங்குத்தந்தை அவர்களுக்கு ஒரு யோசனை சொல்லி அமர்கிறேன். முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று இரவு தொடங்கி, நாளுக்கு ஓர் அதிகாரமாக இந்நூலை வாசித்தால், இரண்டாம் சனிக்கிழமை இரவு பதினான்காம் அதிகாரம் முடியும். மறுநாள் காலை மூன்றாம் ஓலை. ஓர் அதிகாரம் வாசிக்கப் பத்து நிமிடம் தாராளம். பெண் வீட்டில் பெண்ணே வாசிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டில், அவன் தாயும் தகப்பனும் உட்கார்ந்து கேட்க, மாப்பிள்ளையே வாசிக்கட்டும். இந்தப் பொன்விழா ஆண்டில் ஓலை எழுதிக்கொடுக்க வருகிற ஒவ்வொரு வீட்டாரிடமும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.